காபி குடிக்கப் பழகுகிறவர்கள் கேட்பவை: கடலூர்க் காபித்தூள் கடையிலிருந்து

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் நிற்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் "வழக்கம்போல" என்று சொல்லித் தூளை வாங்கிப் போய்விடுவார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள்தான் நின்று கேட்பார்கள்: டீ குடிக்கிற வீட்டிலிருந்து காபி குடிக்கிற வீட்டுக்கு வந்த மருமகள்கள், பரீட்சைக்கு விழித்திருக்க நினைக்கும் மாணவர்கள், ஓய்வுபெற்றபின் தானே அடுப்படிக்கு வந்திருக்கும் ஐயாக்கள், பாண்டிக்கு வேலைக்குப் போய் அங்கே பால் சேராத காபியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். எல்லோர் சந்தேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்து, பதிலை எழுதியிருக்கிறேன்.

அக்கா, காபி கசக்குதே. இதை எப்படி ரசிச்சுக் குடிக்கிறாங்க?

கசக்கத்தான் செய்யும். நாக்குக்கு முதலில் கசப்பு ஆகாது. சுண்டைக்காய் வற்றலைச் சின்ன வயதில் தட்டோரம் ஒதுக்கியவர்கள் பின்னால் அதைத் தேடிச் சாப்பிடுகிறார்கள் இல்லையா, அதே பழக்கம்தான் இங்கேயும்.

ஆனால் கசப்பு வேறு, காறல் வேறு. குடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையைப் பிடிக்கிற காபி பெரும்பாலும் கெடுத்துப் போட்ட காபி. டிகாஷனைத் திரும்பக் கொதிக்க வைத்திருப்பார்கள், அல்லது காலையில் இறக்கியதை மாலைவரை வைத்திருப்பார்கள், அல்லது அந்தத் தூளே மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்திருக்கும். "எனக்குக் காபி பிடிக்காது" என்கிறவர்களில் பலர் நல்ல காபியை ஒரு தடவைகூடக் குடித்ததில்லை என்பது என் நம்பிக்கை.

பழக்கத்தை மூக்கிலிருந்து தொடங்குங்கள். கடையில் அரைக்கும்போது பக்கத்தில் நின்று மோந்து பாருங்கள். வீட்டில் ஒரு வாய் குடித்து விழுங்கியதும், வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். காபியின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அப்போது வருகிற மணம்தான். நாக்கு தனியாக நின்றால் அதற்குக் கசப்பும் புளிப்பும் தித்திப்பும்தான் தெரியும்.

முதல் முறையா வீட்டுல போடப் போறேன். இன்ஸ்டன்ட்டா, ஃபில்டரா?

ஃபில்டர். இன்ஸ்டன்ட் தூள் என்பது முன்பே இறக்கிய காபியை உலர்த்திப் பொடியாக்கியது. அவசரத்துக்கு உதவும்; மணத்தில் நிறைய அதற்குள் போயிருக்கும். மணத்தைப் பிடித்துப் பழக வேண்டிய நேரத்தில் மணம் குறைந்ததில் தொடங்குவானேன்? இரண்டு பேர் அளவு சின்ன ஃபில்டர் ஒன்று போதும். எவர்சில்வரும் நன்றாகவே இறக்கும், பித்தளைதான் வேண்டும் என்பதில்லை.

கடையில பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டான்னு எழுதியிருக்கு. எது வாங்கணும்?

காபியில் நமக்குத் தெரிய வேண்டிய சாதி இரண்டு: அராபிகா, ரோபஸ்டா. அராபிகாவில் மணம் அதிகம், லேசான புளிப்பு உண்டு. ரோபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம். விழிப்பைத் தருகிற காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளான்டேஷன் என்று எழுதியிருந்தால் அது பழத்தோலை நீக்கி, கழுவிப் பதப்படுத்திய அராபிகா. ஏ, பி என்பவை கொட்டையின் அளவைச் சொல்கின்றன, ருசியை அல்ல. ஏ ரகம் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் கொட்டை, அவ்வளவுதான்.

பீபெரிக்கு ஒரு கதை உண்டு. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள், தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். அதைத் தனியே பொறுக்கியெடுத்தால் பீபெரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருளும். விலை கூடும், அதற்கேற்ற அளவு ருசி கூடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

புதியவர்களுக்கு நான் கொடுப்பது: முழுக்க அராபிகா, நடுத்தர வறுப்பு, சிக்கரி சேர்க்காமல் அல்லது 20 சதவீதத்துக்குள். கசப்பு அடங்கி நிற்கும், மணம் முன்னால் வரும்.

சிக்கரி கலப்படம்தானே? எங்க மாமியார் அது இல்லாம காபியே இல்லைங்கறாங்க.

கலப்படம் இல்லை, சொல்லிக் கலந்தால். சிக்கரி ஒரு செடியின் கிழங்கு, வறுத்து அரைத்தது. அதில் காஃபீன் கிடையாது. தண்ணீரில் கரைகிற சத்து அதில் காபியைவிட அதிகம், அதனால் டிகாஷன் கறுத்துக் கெட்டியாக இறங்கும். பாலை நிறைய ஊற்றினாலும் காபி வெளுத்துப் போகாது. உங்கள் மாமியார் தேடுவது அந்தக் கெட்டியைத்தான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி–சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும். எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் வைத்து மேலே தூளைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு உடனே இறங்கும்.

சிக்கரி 40 சதவீதத்துக்கு மேல் போனால் காபிக்கென்று உள்ள மணத்தை அது மூடிவிடுகிறது. பழகுகிற காலத்தில் குறைவாக வையுங்கள். மாமியாருக்கு அவர் விருப்பப்படி தனிப் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இரண்டு தூள் இருப்பதில் தப்பில்லை.

கிலோவா வாங்கினா விலை குறையுமே?

வாங்காதீர்கள். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் போகும். 100 கிராம், மிஞ்சினால் 200 கிராம் வாங்கி, அது தீர்ந்ததும் வாருங்கள். நம் ஊர் கடற்கரை ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், தூள் கட்டிபிடித்துவிடும். இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி, அடுப்புக்குத் தள்ளி ஓர் அலமாரி. ஃபிரிட்ஜில் வைத்தால் எடுக்கும்போதெல்லாம் வியர்க்கும், மீன் குழம்பு வாசனையும் ஏறும்.

சில நாள் டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது, சில நாள் தண்ணியா ஓடிடுது. என்ன பண்றது?

முதலில் அளவு. ஓட்டையுள்ள மேல்பாத்திரத்தில் குவியலாக மூன்று மேசைக்கரண்டித் தூள், சுமார் 20 கிராம். தண்ணீர் 120 மில்லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஆகவே கீழே 80 மில்லி அளவு கிடைக்கும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம். அது பொங்கி அடங்கியதும் மீதியைச் சுற்றிலும் வட்டமாக ஊற்றுங்கள். மூடிவிட்டு 15 முதல் 20 நிமிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள். தட்டுவது, ஆட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம்.

இறங்கவில்லை என்றால் பல காரணம் இருக்கலாம். ஃபில்டரோடு வரும் காம்பு வைத்த உள்தட்டால் தூளை அழுத்தியிருப்பீர்கள். அதைத் தூளின் மேல் சும்மா வைத்தால் போதும். தூள் மாவாக அரைபட்டிருக்கும், அல்லது சிக்கரி அதிகம் இருக்கும். ஈரம் பட்டதும் சிக்கரி ஊறி அடைத்துக்கொள்ளும். ஃபில்டரின் ஓட்டைகள் அடைத்திருந்தால் மேல்பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், தெரியும். வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் அடியை அடுப்புத் தணலில் காட்டித் தட்டலாம். இதையெல்லாம் பார்த்தும் இறங்காவிட்டால், இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்திக் காற்று உள்ளே மாட்டியிருக்கும். மேல்பாத்திரத்தைச் சற்றே தூக்கி வையுங்கள், சொட்டத் தொடங்கும்.

தண்ணீராக ஓடினால் தூள் கொரகொரப்பு அல்லது அளவு போதவில்லை. ஒரே இடத்தில் தண்ணீரை ஊற்றினாலும் அங்கே குழி விழுந்து ஓடிவிடும். அரைக்கும்போதே "ஃபில்டருக்கு" என்று சொல்லுங்கள்; ரவையைவிட நைசாக, மாவைவிடக் கொரகொரப்பாக வர வேண்டும்.

மிச்சத் தூள்ல மறுபடி தண்ணி ஊத்தலாமா?

இரண்டாம் டிகாஷன் பழகியவர்களுக்கு. மணமெல்லாம் முதலில் இறங்கிவிடும்; பின்னால் வருவது நிறமும் கசப்பும்.

எல்லாம் நீங்க சொன்னபடி செஞ்சேன், சப்புன்னு இருக்கு.

தண்ணீரைப் பாருங்கள். கடலையொட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அப்படிப் படிகிற தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. அது காபியின் மெல்லிய புளிப்பை முறித்துவிடும். புளிப்பு போனால் காபி மொண்ணையாகிவிடும். தூளை எவ்வளவு மாற்றினாலும் பலன் தெரியாது. குடிக்க வைத்திருக்கிற தண்ணீரையே, கேன் தண்ணீரானாலும் சரி, காபிக்கும் பயன்படுத்துங்கள். இதை மட்டும் மாற்றிவிட்டு வந்து "அக்கா, தூளை மாத்திட்டீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

எந்தப் பால் நல்லது?

பாக்கெட்டில் கொழுப்பின் அளவு அச்சிட்டிருக்கும். டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. இங்கே ஆவின், பாண்டியில் பாண்லே என்று எதை வாங்கினாலும் இந்த எண்ணைப் பாருங்கள். தொடங்குகிறவர்களுக்கு 4.5. பாலின் புரதம் காபியின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும், கொழுப்பு வாயில் வழவழப்பு தரும். 6 சதவீதத்தில் காபியைவிடப் பால்தான் அதிகம் தெரியும். கறந்த பால் கிடைத்தால் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சுங்கள்.

பால் ஒருமுறை பொங்கினால் போதும். அந்தச் சூட்டில் டிகாஷனைக் கலக்க வேண்டும். டிகாஷனை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் சூடேறும். முதல் வாரம் 20 மில்லி டிகாஷனுக்கு 100 மில்லி பால். பிறகு 30க்கு 90. அதற்கு மேல் உங்கள் நாக்கு சொல்லும்.

சக்கரை இல்லாமதான் குடிக்கணுமா?

அப்படி ஒன்றும் சட்டமில்லை. எங்கள் பக்கத்து ஹோட்டல்களில் சர்க்கரை தூக்கலாகத்தான் போடுவார்கள், "சக்கரை கம்மி" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் உங்கள் வழக்கமான அளவில் தொடங்கி வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறார்கள். குறையக் குறைய, பாலின் இயல்பான தித்திப்பு தெரிய ஆரம்பிக்கும். அரை ஸ்பூனில் நின்றுவிட்டாலும் நல்லதே.

கொதிக்கக் கொதிக்கக் குடிச்சாதான் காபின்னு அப்பா சொல்றாரு.

அப்பாவுக்கு ஆற்றிக் கொடுங்கள். கொதிக்கும் சூட்டில் நாக்குக்கு ருசி பிரித்துப் பார்க்க வராது. டம்ளருக்கும் டபராவுக்கும் இரண்டு மூன்று முறை தூக்கி ஆற்றினால் சூடு குறையும், பாலும் டிகாஷனும் ஒன்றாகும், நுரையும் வரும். ஆரோக்கியக் காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் காபியைப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது.

நான் சுக்குக் காபி குடிப்பேனே, அதுவும் காபிதானே?

சுக்கு, கொத்தமல்லி விதை, கருப்பட்டி. காபித்தூள் சேர்க்காதவரை அதில் காஃபீன் இல்லை. சளிக்கு இதமாக இருக்கும், ராத்திரியும் குடிக்கலாம். காபிப் பழக்கத்துக்கு அது உதவாது.

ரெண்டு டம்ளர் குடிச்சா நெஞ்சு படபடங்குது. எனக்கு ஒத்துக்கலையா?

உடம்பில் களைப்பைச் சொல்கிற அடினோசின் என்ற பொருள் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் விழிப்பு, அதனால்தான் பழக்கமில்லாதவர்களுக்குப் படபடப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதன் கணக்கில் 150 மில்லி இறக்கிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. இரண்டு ஃபில்டர் காபியும் ஒரு டீயும் குடித்தால் ஏறக்குறைய கணக்கு முடிந்தது.

முதல் மாதம் அரை டம்ளர், நாளுக்கு ஒருமுறை. ரோபஸ்டா வாங்கியிருந்தால் மாற்றுங்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். அரை டம்ளருக்கே படபடத்தால், அல்லது இதயத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவராக இருந்தால், டாக்டரைக் கேட்டபின் குடியுங்கள்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் குடிச்சேன், ராத்திரி தூக்கமே இல்லை.

குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் மெதுவாகப் போகும். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. புதியவர்கள் மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்: ராத்திரி காபியில் விழித்துப் படித்து, காலையில் தூக்கக் கலக்கத்தில் எழுதப் போகாதீர்கள்.

எப்ப குடிக்கிறது நல்லது, வெறும் வயித்துலயா, டிபனோடயா?

வெறும் வயிற்றில் சிலருக்கு எரிச்சல் வரும், காபி வயிற்றில் அமிலம் சுரக்கத் தூண்டும். இட்லியோடு சேர்த்துக் குடிப்பதிலும் குறை இருக்கிறது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் காபியும் டீயும் தடுக்கும். மேலே சொன்ன அதே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி கேட்கிறது. ரத்தசோகை உள்ள பெண்கள், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். காலையில் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு, பத்தரை, பதினொன்றுக்குக் குடிப்பது பலருக்கு ஒத்துவருகிறது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியைத் தொட வேண்டும். காபி அந்த மருந்தைச் சேரவிடாது. இங்கே வருகிறவர்களிடம் நானாகக் கேட்டுச் சொல்கிற ஒரே விஷயம் இது.

கர்ப்பமா இருக்கேன், விட்டுடணுமா?

பல நாடுகளின் மருத்துவ அறிவுரை நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்பது. மாதம் ஏற ஏற காஃபீன் உடம்பில் தங்கும் நேரமும் கூடும். பிடிக்கும் என்றால் ஒரு சின்ன டம்ளர், உங்கள் டாக்டர் சரி என்றால். புதிதாகப் பழக இது நேரமில்லை.

இந்தக் கொட்டை நம்ம பக்கம் விளையுதா?

கடற்கரையில் விளையாது. அராபிகாவுக்கு மலையின் குளிர்ச்சியும் மர நிழலும் வேண்டும். நமக்குப் பக்கமாகக் காபி விளையும் மலைகளில் ஒன்று ஏற்காடு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் அங்கே காபி நட்டார். கோடைமழைக்குப் பூத்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பார்கள். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானலின் கீழ்மலைகளிலும் உண்டு. நாட்டில் அதிகம் விளைவது கர்நாடகத்தில். பாண்டியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் காபிச் சரித்திரம் இருக்கிறது. 1715இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி ஏமனிலிருந்து செடிகளை இந்தியப் பெருங்கடலில் உள்ள போர்போன் தீவுக்குக் கொண்டுபோய் வளர்த்தது. இன்றைக்கும் உலகில் பல தோட்டங்களில் இருக்கும் போர்போன் ரகத்துக்கு அந்தத் தீவின் பெயர்தான்.

பாண்டியில ஆபீஸ்ல எல்லாரும் பால் இல்லாம குடிக்கிறாங்க. நானும் பழகலாமா?

பழகலாம், ஆனால் பால் காபி பிடித்த பிறகு. ஆரோவில் பக்கத்துக் கடைகளில் கொடுக்கும் கறுப்புக் காபி பெரும்பாலும் இளவறுப்பு. அதில் கசப்பைவிடப் புளிப்பு முன்னால் நிற்கும். பழச்சாற்றின் ஜாடையில் இருக்கிறதே, கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், அதன் குணமே அது. அங்கே விலை கொடுத்து வாங்குவதற்கு முன் வீட்டில் செய்து பாருங்கள்: சிக்கரி இல்லாத டிகாஷன் 30 மில்லி, அதில் 100 மில்லி வெந்நீர். இளஞ்சூட்டில் குடியுங்கள். பிடித்தால் மேலே போங்கள்.

ஊர்க் காபியை உட்கார்ந்து குடிக்க வேண்டுமென்றால் நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அரசின் காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளிகள் 1957 முதல் ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்திய கடைகளின் வழியில் வந்தது.

ஒரு மாசமா குடிக்கிறேன். இப்ப பிடிக்குது, ஆனா எல்லாக் காபியும் ஒரே மாதிரிதான் தெரியுது.

ஒன்றை மட்டும் குடித்தால் அப்படித்தான் தெரியும். பக்கத்தில் இன்னொன்று வேண்டும். ஏற்காட்டு அராபிகா 50 கிராம், சிக்மகளூர் அராபிகா 50 கிராம், இரண்டும் ஒரே வறுப்பு, சிக்கரி இல்லாமல் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவில், ஒரே தண்ணீரில், இரண்டு ஃபில்டரில் இறக்குங்கள். ஃபில்டர் ஒன்றுதான் என்றால் அடுத்தடுத்து இறக்கலாம். முதலில் பாலில்லாமல், வெந்நீர் கலந்து, ஒவ்வொரு கரண்டி. சூடாக ஒருமுறை, இளஞ்சூட்டில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை. ஆறும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்: எது புளிக்கிறது, எது நாக்கில் கனமாக நிற்கிறது, எதன் மணம் விழுங்கிய பிறகும் இருக்கிறது.

எது எந்தக் கிண்ணத்தில் என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டிலும் பால் கலந்து பாருங்கள். பாலில்லாமல் தோற்றது பாலோடு ஜெயிப்பதும் உண்டு. எது பிடித்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த 100 கிராமை அதற்கேற்றபடி அரைத்துத் தருகிறேன்.